நாஞ்சில் நாட்டு வண்டிச் சக்கரத்தின் வரலாறு

நாஞ்சில் நாடென்று வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்னும் இரண்டு தாலுகாக்களிலும் வயல்வெளி மிகுதி. வயல் மிகுந்த நாட்டில் ஏரும் வண்டியும் மிகுதியாதல் இயல்பே. அவற்றைக் கொண்டு பயிர்த்தொழில் நடத்தியோர் வேளாண் மக்கள். அவற்றைச் செய்து கொடுத்தோர் நம்மவர். இந்நாட்டுக் குளங்களைப்பற்றியும் கோயில்களைப்பற்றியும் எழுதப்பெற்ற நூல்கள் பல உள. நெல்லைச் சுமந்து சென்ற சக்கரத்தைப்பற்றித் தனியே எழுதினோர் அரியர். அச்சக்கரத்தைச் செய்த தச்சாசாரிகளும் கொல்லாசாரிகளும் ஏடெழுதி வைக்கும் வழக்கம் உடையவரல்லர். தந்தை செய்வதை மகன் பக்கத்திலிருந்து கண்டு கற்றான், அவ்வளவே. கற்பதற்கு மகன் வாராதொழிந்த காலத்தில் வித்தையும் நின்றுபோயிற்று. ஆதலின் அதனைப்பற்றி நாம் அறிந்தவற்றை இவ்விதழில் ஒருவாறு தொகுத்தெழுதத் துணிந்தோம்.

தொடங்குமுன் ஒரு விஷயம். சக்கரத்தை உலகுக்கு முதன்முதல் வழங்கியவர் நம் குலத்தவரே என்று நமது கூட்டங்களிற் பேசுவோர் உளர். மனு, மயன், துவட்டா, சிற்பி, விசுவக்ஞன் என்னும் ஐவரையும் நாமும் வணங்குகின்றோம். எனினும் புராணம் வேறு, சரித்திரம் வேறு. மண்ணைத் தோண்டி ஆராய்ந்தோர் கண்டது யாதெனில், ஏறக்குறைய கி.மு. 3500ஆம் ஆண்டையொட்டி மெசொப்பொத்தேமியாவிலும் ஐரோப்பாவின் சில பகுதிகளிலும் சக்கரவண்டிகள் வழக்கத்தில் இருந்தன என்பதாம். ஐரோப்பாவிலுள்ள ஸ்லொவீனியா தேசத்துச் சதுப்புநிலமொன்றில் 5000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரச்சக்கரம் ஒன்று அச்சோடும் கிடைத்துளது. அது பலகைகளை இணைத்து வட்டமாக அறுத்த திண்ணிய சக்கரம், ஆரக்கால் இல்லாதது. சிந்துவெளியில் ஹரப்பா முதலிய இடங்களிற் கிடைத்த மண்பொம்மை வண்டிகள் நம் தேசத்துப் பழைய வண்டியின் சாயலைக் காட்டுகின்றன. ஆரக்கால் வைத்த இலேசான சக்கரம் கி.மு. 2000ஆம் ஆண்டையொட்டி யூரல் மலைப்பக்கத்துப் புதைகுழிகளிற் காணப்படுகின்றது. இன்ன ஜாதியார், இன்ன தேசத்தார் கண்டனர் என்று உரிமை கொண்டாட எவர்க்கும் இடமில்லை. நம்மவர் பெருமையை நிலைநாட்ட இத்தகைய கூற்று வேண்டுவதுமில்லை. அவர்கள் செய்த வேலையே அதற்குப் போதும் என்பது நமது அபிப்பிராயம்.

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். சங்க நூல்களில் வண்டியைச் சகடம், சாகாடு, பண்டி, ஒழுகை எனப் பல பெயரால் வழங்கினர். உப்பு வாணிகரான உமணர் வரிசை வரிசையாக வண்டிகளை ஓட்டிச் சென்ற செய்தி பல இடங்களில் வருகின்றது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவ்வுப்பு வண்டியின் சக்கரம் உறுப்புறுப்பாக வருணிக்கப்பெற்றுளது. முழுமரத்திற் கடைந்த முழவு போன்ற குடம், அதிற் செருகிய ஆரங்கள், அவற்றைச் சூழ்ந்த சூட்டு என்னும் வட்டை ஆகிய மூன்றும் அங்கே கூறப்பெறுகின்றன. இம்மூன்று உறுப்பும் இவ்வமைப்பும் சென்ற நூற்றாண்டில் நம் பாட்டன்மார் செய்த சக்கரத்திலும் அப்படியே இருந்தன. ஏறக்குறைய 2000 ஆண்டுகள் மாறாது நின்ற கைவினை இது.

மாறியது அச்சு. இதனை நம் வாசகர்கள் சற்றே ஊன்றிக் கவனித்தல் வேண்டும். திருவள்ளுவர் வண்டியைத் தொட்டு இரண்டிடங்களிற் பேசுகின்றார். ஒன்று வலியறிதல் அதிகாரம். அங்கே மிகுதியாக ஏற்றினால் மயிற்பீலியுங்கூட அச்சை முறித்துவிடும் என்கின்றார். மற்றொன்று வினைத்திட்பம்; அங்கே பெரிய தேருக்குச் சிறிய அச்சாணி உதவுவதை உவமையாக எடுத்துரைக்கின்றார். ஔவையாரோ புறநானூற்றுப் பாட்டொன்றில், உமணர் தம் வண்டியின் அடியில் சேமவச்சு என்று வேறோர் அச்சைக் கட்டிக்கொண்டு புறப்பட்டதைச் சொல்லித் தம் தலைவனுக்கு உவமையாக்கினார். மூன்றிடத்தும் பேச்சு அச்சைப் பற்றியதே. இதனால் நாம் ஊகிப்பது, அக்காலத்து வண்டிக்காரன் அஞ்சியது சக்கரம் உடைவதையன்று, மரவச்சு முறிவதையே என்பது. இரும்பு அச்சு வந்த பின்னர் அவ்வச்சம் பெரிதும் ஒழிந்தது. வண்டியின் அடியிற் சேமவச்சைக் கட்டும் வழக்கமும் நம் காலத்தில் இல்லை.

நிற்க. பழைய திருவிதாங்கூர் இராஜ்யம் முழுவதும் வண்டி ஓடிய நாடு அன்று. பத்மநாபபுரத்துக்கு வடமேற்கே செல்லச்செல்ல மேடும் பள்ளமும் ஓடையும் காயலும் மிகும். அங்கே சரக்கு தலைச்சுமையாகவும் வள்ளத்திலுமே பெரும்பாலும் சென்றது. பழைய பாதையோரங்களில் இன்றும் நிற்கும் சுமைதாங்கிக் கற்கள் அதற்குச் சாட்சி. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிவரை நீர்வழி அமைக்கும் நோக்கத்துடன் 1860ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாயும், அரசாங்கத்தார் அந்நாளிற் போக்குவரவுக்கு நீரையே பெரிதும் நம்பினர் என்பதைக் காட்டும். அக்கால்வாய் குமரியை எட்டவில்லை. நாஞ்சில் நாடோ சமநிலம். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் திறந்திருக்க, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வண்டிகள் நேரே கோட்டாற்றுச் சந்தைக்கு வந்தன. புத்தளம், தாமரைக்குளம் உப்பளங்களிலிருந்து உப்பு வண்டிகள் புறப்பட்டன. திவான் மாதவராவ் காலத்தில், அதாவது 1858 முதல் 1872 வரை, இராஜ்யத்திற் சாலைகள் பெருகின. பின்னர் 1906ஆம் ஆண்டில் பேச்சிப்பாறை அணை முற்றுப்பெற்றுக் கோதையாற்று நீர் பாய்ந்தபோது, கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இருபோக விளைவும் உறுதிப்பட்டது. விளைவு உறுதிப்பட்ட இடத்தில் நெல்லேற்றவும் வைக்கோலேற்றவும் உரமடிக்கவும் வண்டி வேண்டியதாயிற்று.

சாலை உண்டாயிற்றென்றால் அதில் எல்லாரும் வண்டியோட்டலாம் என்று அந்நாளிற் பொருளன்று. 1893ஆம் ஆண்டில் வெங்ஙானூர் அய்யங்காளி வில்வண்டியொன்றில் ஏறிப் பொதுச்சாலையிற் சென்றதும், அவரைத் தடுக்க முயன்றோர் தோற்றதும் திருவிதாங்கூர்ச் சரித்திரத்திற் புகழ்பெற்ற செய்தி. வண்டிச்சக்கரத்தின் வரலாற்றில் அதற்கும் இடம் உண்டு. சக்கரத்தைச் செய்த நாமும் அதனை இன்னார் ஏறலாம், இன்னார் ஏறலாகாது என்று விதித்தோர் பக்கத்தில் எத்தனைமுறை மௌனமாயிருந்தோம் என்பதை எண்ணிப்பார்த்தல் நலம்.

இனிச் சக்கரஞ் செய்யும் முறையைக் கூறுவோம். குடத்துக்கும் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் ஒரே மரம் உதவாது. குடத்துக்குப் பிளவாத மரம் வேண்டும். ஆரக்காலுக்கு நேரிழை யோடிய மரம் வேண்டும். வட்டைக்கு வளைவும் உறுதியும் வேண்டும். கருவேலமும் வாகையும் வேங்கையும் இவ்வேலைக்குப் பெயர்பெற்றவை. பூவரசும் பயன்பட்டது, அது நம் வீட்டுக்கொல்லைகளிலேயே வளர்வது. தேக்கு நல்ல மரமாயினும், தேக்கும் ஈட்டியும் சந்தனமும் கருங்காலியும் இராஜ மரங்களெனத் திருவிதாங்கூர் அரசாங்கத்தார் தமக்கே உரிமையாக்கி வைத்திருந்தனராதலின், தன் நிலத்தில் நின்ற தேக்கையுங்கூடக் குடியானவன் இஷ்டப்படி வெட்ட இயலாது. வெட்டிய மரத்தை உடனே உளிக்குக் கொடுப்பதில்லை. நிழலிற் கிடத்தி ஆறவிட்ட பின்னரே குடம் செதுக்குவர். பச்சைமரத்திற் செய்த குடம் ஆறும்போது வெடித்து, ஆரக்கால்கள் ஆடத் தொடங்கும்.

குடத்தைச் சுற்றி ஆரக்காலுக்குத் துளை பறிப்பதே வித்தை. பன்னிரண்டு துளைகளும் ஒரேயளவு இடைவெளியில், ஒரே சாய்வில் அமைதல் வேண்டும். ஒரு துளை நூலிழை பிசகினாலும் சக்கரம் ஓட்டத்தில் ‘ஆட்டங்கொடுக்கும்’. ஆரக்கால்களை மரச்சுத்தியால் அடித்திறக்கிய பின், அவற்றின் மறுமுனைகளில் வட்டைகள் ஏற்றப்படும். பன்னிரண்டு ஆரக்கால் சக்கரத்துக்கு ஆறு வட்டை. வட்டையொன்றுக்கு இரண்டு ஆரக்கால். வட்டையோடு வட்டை முளைகளால் இணைக்கப்பெறும். பசையில்லை, திருகாணியில்லை. இதுவரை தச்சாசாரியின் வேலை.

பின்னர் அது கொல்லாசாரியின் கையிற் சேரும். இரும்புப்பட்டை சேர்த்தல் கண்டோர் மறவார். 5 அடி குறுக்களவுள்ள சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15 அடி 8 அங்குலம். கொல்லன் பட்டையை வளைத்து, இருமுனையையும் உலையிற் காய்ச்சி ஒன்றோடொன்று அடித்துப் பொருத்தி வளையமாக்குவான். அவ்வளையத்தை மரச்சக்கரத்தின் சுற்றளவிலும் சற்றே சிறிதாக வைப்பான். எவ்வளவு சிறிது என்பது அவன் கைக்கணக்கு. கயிறொன்றினால் மரத்தைச் சுற்றியளந்து, அதிலிருந்து இரும்பின் தடிப்புக்கும் மரத்தின் ஆற்றலுக்கும் ஏற்பக் குறைத்துக்கொள்வான். வறட்டியும் தேங்காய்த்தொண்டும் சிரட்டையும் வட்டமாக அடுக்கி மூட்டிய தீயில் வளையம் சிவக்கக் காயும். சிவந்த இரும்பு அச்சுற்றளவில் ஓரங்குலத்துக்கு மேலும் நீளும். நாலைந்து பேர் குறடுகளாற் பற்றித் தூக்கி, தரையிற் கிடத்திய மரச்சக்கரத்தின்மேல் அதனை இறக்குவர். மரம் புகைந்து தீப்பற்றும். உடனே குடங்குடமாக நீரைச் சொரிவர். இரும்பு சுருங்கும்போது ஆரக்கால்கள் குடத்துள்ளும் வட்டைகள் ஆரக்கால்மேலும் ‘கிறீச்’சென்ற ஓசையோடு இறுகும். அவ்வோசையைக் கேட்டே வேலை சரியாயிற்றா என்று பெரியோர் சொல்லிவிடுவர். தச்சன் வேலையிலிருந்த சிறுபிழையையும் கொல்லன் பட்டை இறுக்கி மறைத்துவிடும். பட்டையிற் பிழை நேர்ந்தால் தச்சன் வேலை முழுவதும் வீண். ஆகவே இவ்விரு திறத்தாரும் ஒருவரையொருவர் பகைத்துக்கொண்டு வாழ இயலாது!

இவ்விரும்புப்பட்டை ஊர்தோறும் வழக்கிற்கு வந்தது மலிவான சீமையிரும்பு கடைகளுக்கு வந்த பின்னரேயாம். அதற்குமுன் ஏழைக் குடியானவன் வண்டி பட்டையின்றியே ஓடித் தேய்ந்தது. பட்டை வந்தபின் சக்கரத்தின் ஆயுள் பன்மடங்காயிற்று. எனினும் அதற்கும் குறைகள் இருந்தன. பங்குனி, சித்திரை வெயிலில் மரம் சுருங்கப் பட்டை தளரும். அப்போது வண்டிக்காரன் சக்கரத்தைக் குளத்திலிறக்கி நீரில் ஊறவைப்பான். குடத்துக்கும் அச்சுக்கும் இடையே உராய்வைக் குறைக்க, வைக்கோற்கரியை விளக்கெண்ணெயிற் குழைத்த மையை இடுதல் வேண்டும். அம்மை மூங்கிற்குழாயில் வண்டியோடு தொங்கும். இவையன்றிப் பெருங்குறை ஒன்றுண்டு. இரண்டங்குல அகலமுள்ள இரும்புப்பட்டை வண்டிப்பாரம் முழுவதையும் ஒரு சிறு கோட்டில் தாங்குவது. நன்செய் வரப்பில் அது ஆழப் புதையும். செப்பனிட்ட சாலையில் இரண்டு பள்ளக்கோடுகளைக் கீறும். சாலைக் கல்லை மாவாக்குவது மாட்டுவண்டிப் பட்டையே என்று மராமத்து அதிகாரிகள் தேசமெங்கும் முறையிட்டுவந்தனர்.

இக்குறைக்கு மருந்து மேல்நாட்டில் ஆயிற்று. 1839ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சார்ந்த சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு காய்ச்சி உறுதியாக்கும் முறையைக் கண்டார். 1845ஆம் ஆண்டில் ஸ்காத்லாந்தினரான ராபர்ட் தாம்ஸன் காற்றடைத்த டயருக்கு உரிமைச்சாசனம் பெற்றார், அது பரவவில்லை. 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரத்து ஜான் பாய்ட் டன்லப் அதனையே மீண்டும் கண்டு உலகறியச் செய்தார். அவர் தொழிலால் மிருக வைத்தியர் என்பதும், தம் மகனது மூன்றுசக்கர வண்டிக்காக அதனைச் செய்தார் என்பதும் அறியத்தக்கன. ஆயினும் உழவுக்குரிய யந்திரங்களில் இரும்புச்சக்கரமே நெடுநாள் நிலைத்தது. அமெரிக்காவில் 1917 முதல் ஆயிரக்கணக்காக வெளிவந்த போர்ட்ஸன் டிராக்டர்களும் இரும்புச்சக்கரத்தனவே. மண்ணைப் பற்றுதற்கு விளிம்பில் இரும்புப்பல் பதித்திருக்கும். 1932ஆம் ஆண்டில் பயர்ஸ்டோன் கம்பெனியாரும் ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனியாரும் சேர்ந்து டிராக்டருக்குக் காற்று டயர் பூட்டினர். குடியானவர்கள் நம்பவில்லை. அவர்களை நம்பச்செய்தற்காக மறுவருஷத்தில் அந்த டிராக்டரைப் பந்தயத்திலோட்டி மணிக்கு 64 மைல் வேகங்காட்டினராம். வயலுழும் யந்திரத்துக்கு அவ்வேகம் எதற்கென்று நாம் கேட்கலாம். ஆனால் விற்பனை பெருகியது.

நம் தேசத்தில் வங்காளத்துச் சாகஞ்சில் 1936ஆம் ஆண்டில் டன்லப் டயர்த் தொழிற்சாலை தோன்றியது. மாட்டுவண்டிக்கென்றே டயரும் உருளைத்தாங்கி பொருத்திய அச்சும் விற்பனைக்கு வந்தன. 1942ஆம் ஆண்டில் மலேயாவும் டச்சுத்தீவுகளும் ஜப்பானியர் வசமாக, ரப்பர் யுத்தத்துக்கே போதாமற் போயிற்று. யுத்தம் ஒழிந்தபின் டயர்வண்டி மெல்லமெல்லத் தமிழ்நாட்டுச் சாலைகளில் தோன்றலாயிற்று. கம்பெனிச் சக்கரத்தை விலைகொடுத்து வாங்க இயலாதவர், பழுதான லாரி, மோட்டார்களின் அச்சையும் கழித்த டயரையும் வாங்கிப் பூட்டினர். எதுவாயினும் ஜனங்கள் அதனை ‘டன்லப் வண்டி’ என்றே வழங்கினர்.

இங்கே ஒரு விந்தை. மரச்சக்கரத்தை ஒழித்த ரப்பர் வேற்றுநாட்டிலிருந்து மாத்திரம் வந்ததன்று. குலசேகரம், கீரிப்பாறைப் பக்கத்து மலைச்சாரல்களில் நம் கண்ணெதிரே பால் வடித்த மரங்களே அதற்கு மூலம். தமிழ்நாட்டில் விளையும் ரப்பரிற் பெரும்பகுதி இன்றும் கன்னியாகுமரி மாவட்டத்ததே. 1946ஆம் ஆண்டில் சென்னையில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கிய மதராஸ் ரப்பர் பாக்டரி 1961ஆம் ஆண்டில் டயர் செய்யப் புகுந்தது. வேங்கையும் வாகையும் நின்ற சாரலிலேயே அவற்றின் தொழிலைக் கவர்ந்த மரமும் நிற்கின்றது.

டயர் வந்தது தீமை என்று நாம் கூறமாட்டோம். கூறினால் அது நம் வயிற்றுக்காகக் கூறியதாகும், உண்மையாகாது. பழைய மரச்சக்கர வண்டி ஏறக்குறைய அரை டன் முதல் ஒரு டன் வரை ஏற்றியது. டயர்வண்டி அதே காளைகளைக்கொண்டு ஒன்றரை, இரண்டு டன்னும் ஏற்றியது. குழியிற் குலுங்கல் குறைந்ததால் காளையின் கழுத்து புண்படுவது குறைந்தது. சாலையும் பிழைத்தது. பேராசிரியர் என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டுமென்று நெடுங்காலம் பாடுபட்டபோது வற்புறுத்தியதும் காளையின் துன்பத்தையே. இழுக்க எளிதாயிற்றென்று பாரத்தை அளவின்றி ஏற்றிய பேராசைக்காரரும் இருந்தனர். அது டயரின் குற்றமன்று.

ஆனால் நம்மவர்க்கு நேர்ந்தது யாது? ஊர்த்தச்சனுக்கும் கொல்லனுக்கும் களத்திலேயே நெல் அளந்து கொடுக்கும் வழக்கம் இருந்தது. ஏரும் வண்டியும் ஆண்டுமுழுதும் பழுதுபார்ப்பதற்கு அதுவே கூலி. டயர்ச்சக்கரம் பழுதானால் கடைக்குச் செல்லவேண்டும். ஊராசாரியிடம் செல்வதற்கு வேலையில்லை. வேலையில்லாதவனுக்கு நெல் அளப்பவர் யார்? யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. நெற்படி ஒவ்வோராண்டும் சிறுத்து, பின் நின்றது. தச்சர்கள் கதவும் ஜன்னலும் செய்யப் போயினர். சிலர் லாரிக்கூண்டு கட்டும் பட்டறைகளிற் சேர்ந்தனர். பலர் பிள்ளைகளைப் படிக்கவைத்து வேறு உத்தியோகத்துக்கு அனுப்பினர். பிள்ளைகள் படித்தது நன்மையே. அவர்கள் கையிலிருந்து உளி நழுவியபோது அதன் அளவுகளையும் பெயர்களையும் ஒருவரும் எழுதிவைக்காததே குறை.

அடுத்து டிராக்டர் வந்தது. 1959ஆம் ஆண்டில் ஐஷர் கம்பெனியார் இந்தியாவிற் செய்த முதல் டிராக்டரை வெளியிட்டனர்; 1960ஆம் ஆண்டில் சென்னையில் டாபே கம்பெனி தோன்றியது. நாஞ்சில் நாட்டு வயலோ சிறுசிறு தடி, அதிலும் தொளி. தொளி வயலில் டிராக்டரின் பெரிய பின்டயர் சேற்றால் மொழுகுண்டு, பல்லிடுக்கு நிறைந்து, பற்றின்றி வெறுமனே சுழலும். டயருக்குள் முக்காற்பங்கு நீரை நிரப்பிக் கனமேற்றுதல் உலர்ந்த நிலத்துக்கு உதவியது, சேற்றுக்கு உதவவில்லை. ஆகவே டயரின் பக்கத்திலோ அதனைக் கழற்றிய இடத்திலோ கூண்டுச்சக்கரம் பூட்டினர். இரண்டு மூன்று இரும்பு வளையம், அவற்றைக் குறுக்கே இணைக்கும் கோணப்பட்டைகள், நடுவில் குடம், குடத்திலிருந்து வளையத்துக்கு ஆரக்கால். சேறு பட்டைகளின் இடையே ஒழுகிவிடும். பட்டை மட்டும் மண்ணைப் பற்றித் தள்ளும். சக்கரம் மீண்டும் முழுவதும் இரும்பாயிற்று. அக்கூண்டுச்சக்கரம் தார்ச்சாலையிலேறினால் சாலையைக் கொத்திவிடும் என்ற முறையீடும், நூறாண்டுகளுக்கு முன் நம் இரும்புப்பட்டையின்மேல் எழுந்த அதே முறையீடுதான். இக்காலத்து அறுவடை யந்திரங்களிற் சில சக்கரத்தையே விட்டொழித்து ரப்பர்ப் பட்டையின்மேல் ஊர்ந்து சேற்று வயலிற் புகுகின்றன.

கூண்டுச்சக்கரத்தை எங்கோ உள்ள கம்பெனிதான் செய்யவேண்டுமென்பதில்லை. வெல்டிங் பட்டறை வைத்திருப்போர் ஊரிலேயே செய்து கொடுக்கின்றனர்; அவருள் நம்மவரும் உளர், மற்றச் சமூகத்தாரும் உளர். கொல்லன் மகன் உலைத்துருத்தியை விட்டு மின்பற்றுக்கோலை எடுத்தானாயினும், வளையத்தின் சுற்றளவைக் கணக்கிடுவதும், ஆரக்கால்களைச் சம இடைவெளியில் நிறுத்துவதும் அவனுக்குப் புதிதல்ல.

மரச்சக்கரங்கள் இப்போது ஹோட்டல் வாயில்களிலும் பங்களாத் தோட்டங்களிலும் வார்னிஷ் பூசி அலங்காரமாக நிறுத்தப்பட்டுள்ளன. தேர்களிலும் பல இடங்களில் இரும்புச்சக்கரம் வந்துவிட்டது. திருவாரூர்ப் பெருந்தேருக்குத் திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிறுவனத்தார் இரும்புச் சக்கரம் அமைத்ததை அன்பர்கள் அறிவர். நம் மாவட்டத்தில் சக்கரஞ் செய்த கையோடு இன்னும் வாழும் முதியவர்கள் சிலரே. அவர்களை அறிந்த அன்பர்கள், குடத்தின் நீளம், துளையின் ஆழம், ஆரக்காலின் சாய்வு, பட்டைக்குக் குறைத்த அளவு, ஒவ்வோர் உறுப்புக்கும் தத்தம் ஊரில் வழங்கிய பெயர், பயன்படுத்திய மரம் ஆகியவற்றைக் கேட்டெழுதி, கூடுமாயின் படமும் வரைந்து, பத்திரிகை நிலையத்துக்கு அனுப்பக் கோருகின்றோம். கிடைத்தவை வருகின்ற இதழ்களில் ஊர்ப்பெயரோடு வெளியிடப்பெறும்.